துக்க வீட்டில் ஒரு விளையாட்டு

வீடியோ கேம் உலகத்தில் ஒரு விளையாட்டுக்காகப் பல வருடங்கள் காத்திருப்பது சாதாரணம். 'ஷென்மு' வரிசையின் இரண்டாம் பாகம் 2001இல் வந்தது. மூன்றாவது 2019இல்தான் வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இருக்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு, 2017இல் 'ஹாலோ நைட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியான 'சில்க்சாங்' 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4 அன்றுதான் கைக்குக் கிடைத்தது. அந்த ஆறரை ஆண்டில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். கொரோனா வந்து போனது. அண்ணனும் தம்பியுமாகவோ நண்பர்களாகவோ சேர்ந்து காத்திருந்தவர்களில் ஒருவர் இல்லாமல் போன வீடுகளும் உண்டு.

அப்படிப்பட்ட வீட்டுக்கு விளையாட்டு வந்து சேரும் நாள் கொடுமையானது. எப்போது வரும், எப்போது வரும் என்று இறந்தவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது வந்துவிட்டது, கேட்டவர் இல்லை. தனியாகத் திறந்து ஆடினால் அவருக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. திறக்காமலே வைத்திருந்தாலும் அவர் ஆசைப்பட்டதைத் தள்ளிவிட்டதுபோல் உறுத்துகிறது. டவுன்லோடு செய்து வைத்துவிட்டு, நாட்கணக்கில் முதல் திரையைத் தாண்டாமல் மூடிவிடுகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்.

ஹாலோ நைட்டில் ஆட்டக்காரர் செத்துப்போனால், அதுவரை சேர்த்த காசு முழுவதும் செத்த இடத்திலேயே தங்கிவிடும். அங்கே அவருடைய கரிய நிழல் ஒன்று காத்து நிற்கும். கடைசியாக இளைப்பாறிய பெஞ்சில் மறுபடி கண்விழித்து, வந்த வழியே திரும்பிப் போய், அந்த நிழலோடு சண்டை போட்டு ஜெயிக்க வேண்டும். போகும் வழியில் இன்னொரு முறை செத்தால் பழைய காசு போனது போனதுதான். சில்க்சாங்கில் நிழலுக்குப் பதில் ஒரு பட்டுக்கூடு தொங்கும். அதை உடைத்து, அங்கே காசாகப் பயன்படும் மணிகளில் இழந்தவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கு இந்த விதியை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும் கடைசி போன் அழைப்புக்கும் அவர் மனம் தினமும் இப்படித்தான் போய்வருகிறது. விளையாட்டில் போனால் விட்டது கிடைக்கிறது, அங்கே கிடைப்பதில்லை. ஒரு மணி நேரமாவது கிடைக்கிற இடத்தில் இருந்துவிட்டு வரலாம் என்று ஒருவர் நினைத்தால் அதில் குற்றம் காண ஒன்றுமில்லை.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் இருவரும் 1999இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும். துக்கப்படுகிறவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போகிறார்: அழுகிறார், போட்டோவை எடுத்துப் பார்க்கிறார். இன்னொரு நேரம் மிச்சமிருக்கும் வாழ்க்கையின் பக்கம் வருகிறார்: சமைக்கிறார், கணக்குப் பார்க்கிறார், வேறு எதிலாவது மனதைச் செலுத்துகிறார். இப்படிப் போய்வந்துகொண்டே இருப்பதுதான் துக்கம் ஆறும் வழி என்றார்கள். இழப்பிலிருந்து ஒதுங்கி இருக்கும் நேரமும் துக்கத்தில் சேர்ந்ததே.

துக்கத்தின் நடுவே விளையாடுவது புதிய வழக்கமும் இல்லை. கிரேக்கக் காப்பியமான இலியட்டில் வீரன் பாட்ரோக்ளஸின் ஈமச்சடங்கை ஒட்டியே தேரோட்டமும் மல்யுத்தமும் நடக்கின்றன. நம் ஊர்களில் சாவுக்குப் பறையடித்து ஆடுகிறோம். எழவு வீட்டில் விளையாட்டா என்று முகம் சுளிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே சொன்னது போய்வருதல். திரும்பி வராமல் அங்கேயே இருந்துவிட்டால், வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் வேலையும் கெட்டால், அது வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதத்துக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கும் துக்கத்தைத் தனிக் கோளாறாகக் கணக்கிடுகிறது. அந்த நிலையில் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றபடி, கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஏசாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அண்ணன் இருந்திருந்தால் இந்த இடத்தில் என்ன செய்திருப்பான் என்று கேளுங்கள்.