கண்ணுக்குத் தெரியாத விதிகள்

சட்டசபை ஒரு சட்டத்தை இயற்றினால் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அச்சட்டத்தின்கீழ்த் திணைக்களங்கள் வகுக்கும் ஒழுங்குவிதிகளையோ எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆயினும் கடை நடத்துபவரையும் உதவிப்பணம் கோரும் முதியவரையும் நாள்தோறும் கட்டுப்படுத்துவன இவ்விதிகளே.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இவற்றைக் கண்காணிப்பதற்கென்றே நிர்வாகச் சட்ட அலுவலகம் ஒன்று உண்டு. 1979இல் நிறைவேறிய சட்டத்தினால் தோன்றி, 1980 முதல் அது இயங்குகின்றது. புதுவிதி வகுக்க விரும்பும் திணைக்களம், அவ்வலுவலகம் வெள்ளிக்கிழமைதோறும் வெளியிடும் வர்த்தமானியில் முதலில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். பொதுமக்கள் கருத்துரைக்கக் குறைந்தது 45 நாள் அவகாசம். வந்த ஆட்சேபங்களுக்கு எழுத்திலே விடை கூறிய பின்னரே கோவை முழுவதும் அலுவலகத்தை அடையும். 30 வேலைநாட்களுள் முடிவு கிடைக்கும்.

அங்கு நோக்கப்படுவன ஆறு: தேவை, அதிகாரம், தெளிவு, முரணின்மை, மூலச்சட்டத்தைச் சுட்டல், கூறியது கூறாமை. இதனைப் படித்தபோது எனக்கு நன்னூலின் பத்துக் குற்றங்களே நினைவுக்கு வந்தன. மாறுகொளக் கூறல், மயங்கவைத்தல் என்று பவணந்தியார் நூலாசிரியனுக்கு விலக்கியவற்றை அங்கே திணைக்கள உத்தியோகத்தருக்கு விலக்கியிருக்கிறார்கள்! தெளிவு எனப்படுவதும் வழக்கறிஞருக்கு விளங்குவதன்று. விதியினால் நேரே பாதிக்கப்படுபவர் எளிதில் விளங்கிக்கொள்வது. இந்த ஒன்றையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

விதி நல்லதா தீயதா என்று தீர்ப்பளிக்க அலுவலகத்துக்கு உரிமையில்லை. அது நிராகரித்ததை ஆளுநர் மாற்றலாம். அதன் தலைவரை நியமிப்பவரும் அவரே. அவசரவிதி என்றாலோ 45 நாள் அவகாசம் மறைந்துவிடும். அலுவலகத்தின் ஆராய்வும் 10 நாளுள் அடங்கிவிடும்.

இவற்றினும் கொடியது வேறொன்று. முறைப்படி பிரசுரியாமல், சுற்றுநிருபத்திலோ கைந்நூலிலோ எழுதிவைத்து, விதிபோல நடைமுறைப்படுத்துவது. 'நிலத்தடி விதி' என்பது அங்கு வழங்கும் பெயர். சட்டம் அதனைத் தடுக்கிறது. அத்தகைய விதியைக் கண்டால் எவரும் அலுவலகத்துக்கு மனுச் செய்யலாம். சிறைக் கைதிகளும் செய்திருக்கிறார்கள். தம்மை ஆளும் விதியைத் தம் கண்ணால் பார்க்கவேண்டும் என்று கேட்க அவர்களைவிட உரியவர் யார்? எனினும் ஒரு சிறைச்சாலைக்கு மட்டுமே உரிய விதிகளுக்குச் சட்டம் விலக்களித்திருப்பதால், சில மனுக்கள் அந்த வாயிலிலேயே நின்றுவிடுகின்றன.