இருசக்கர வாகனத் திருட்டு: பூட்டு மட்டும் போதுமா?

வியாசர்பாடியின் வாரியக் குடியிருப்புகளில் இரவு பதினொரு மணிக்கு மேல் நடந்தால், மாடிப்படிகளின் அடியிலும் தண்ணீர்த் தொட்டிகளின் ஓரத்திலும் தெருவின் இரு மருங்கிலும் இருசக்கர வாகனங்கள் நெருக்கியடித்து நிற்பதைக் காணலாம். குடியேறுவோரிடம் வண்டி இருக்கும் என்று எவரும் எண்ணாத காலத்தில் எழுந்த கட்டடங்கள் அவை. வண்டி நிறுத்த இடம் ஒதுக்கப்படவில்லை. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஒன்று கடக்கும்போது தரை அதிர்கிறது. அலாரம் பொருத்திய நாலைந்து வண்டிகள் ஒருசேர அலறுகின்றன. ஒரு சன்னலும் திறப்பதில்லை. லாரிக்கும் பூனைக்கும் திருடனுக்கும் ஒரே குரலில் கத்தும் கருவியை ஊர் நம்புவது எப்படி?

வாகனத் திருட்டு என்றாலே நாம் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: நல்ல பூட்டு வாங்குங்கள், சைடு லாக் போடுங்கள், இயன்றால் அலாரமும் ஜி.பி.எஸ். கருவியும் பொருத்துங்கள். தவறான அறிவுரை அன்று. ஆனால் திருட்டைத் தடுக்கும் பொறுப்பு முழுவதையும் வண்டிக்காரரின் தலையில் அது வைத்துவிடுகிறது. நாடு முழுவதும் ஆண்டுதோறும் பதிவாகும் லட்சக்கணக்கான வாகனத் திருட்டு வழக்குகளில் பெரும்பங்கு இருசக்கர வாகனங்களுடையது. அத்தனை பேரும் கவனக்குறைவானவர்கள் என்று முடிவு கட்டுவது எளிது. பொருளியல் படித்தவனுக்கு அது நம்பும்படியான விளக்கமாகப் படவில்லை.

என் பழைய மாணவர் ஒருவரின் தந்தை, விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து எம்.கே.பி. நகர்ப் பக்கம் விற்பவர். வீட்டில் ஒரே வண்டி. காலையில் அது மீனுக்கு. மாலையில் மகன் அதில் உணவு டெலிவரிக்குப் போவார். இரண்டாண்டுப் பழைய அந்த வண்டி ஓரிரவில் காணாமற்போனபோது, "இன்சூரன்ஸ் அஞ்சு வருஷத்துக்கு இருக்கு சார்" என்று மாணவர் நம்பிக்கையோடு சொன்னார். தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்தாண்டு என்று அதில் இருந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. திருட்டை உள்ளடக்கிய சொந்தச் சேதக் காப்பீடு முதலாண்டோடு முடிந்திருந்தது. வண்டிக் கடனில் பத்து மாதத் தவணை பாக்கி. இல்லாத வண்டிக்கு அவர்கள் பத்து மாதம் பணம் கட்டினார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சாலைப் பாதுகாப்பு தொடர்பாகக் கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. விபத்தில் அடிபடுவோருக்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால் ஆண்டுதோறும் காப்பீட்டைப் புதுப்பிக்கும் பழக்கம் அதனால் விட்டுப்போனது. கையில் ஐந்தாண்டுத் தாள் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். மூன்றாம் நபர் காப்பீட்டுடன் தீ, திருட்டு இரண்டை மட்டும் குறைந்த செலவில் சேர்த்துக்கொள்ளும் வகை இந்திய மோட்டார் கட்டண விதிகளிலேயே இருந்தது. எந்த முகவரும் அதை எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

முழுக் காப்பீடு உள்ளவர்களுக்கும் பாதை எளிதன்று. முதல் தகவல் அறிக்கை, இரண்டு சாவிகள், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறைச் சான்று ஆகிய அனைத்தும் வேண்டும். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால் காப்பீட்டுக் கோரிக்கை நகராது. காவல்துறையிடம் உடனே புகார் அளித்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்பதற்காக மட்டுமே கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. வண்டியைப் பறிகொடுத்த எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

இனி அலாரத்துக்கு வருவோம். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவியைப் பொருத்தினால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 விழுக்காடு தள்ளுபடி என்கிறது கட்டண விதி. பைக்குக்கு அந்தப் பிரீமியம் ஆயிரம் ரூபாய் என்று கொண்டால் தள்ளுபடி 25 ரூபாய். கருவியின் விலையோ அதைப்போல் பல மடங்கு. இந்தக் கணக்கைப் போட முனைவர் பட்டம் தேவையில்லை. மீன் விற்பவர் நம்மைவிட விரைவாகப் போட்டுவிடுவார்.

கண்ணுக்குத் தெரியும் பூட்டால் இன்னொரு விளைவும் உண்டு. என் வண்டியில் தடித்த சங்கிலி இருந்தால் திருடன் பக்கத்து வண்டிக்கு நகர்கிறான். என் பாதுகாப்பின் செலவில் ஒரு பகுதியை அண்டைவீட்டார் சுமக்கிறார். மறைவாகப் பொருத்தப்படும் கருவியில் இது தலைகீழாகிறது. அமெரிக்காவில் காரில் ஒளித்துவைக்கப்படும் லோஜாக் என்னும் ரேடியோ கருவியை ஈயன் ஐயர்ஸ், ஸ்டீவன் லெவிட் இருவரும் ஆராய்ந்து 1998-இல் எழுதினர். எந்தக் காரில் கருவி இருக்கிறது என்று தெரியாததால் திருடர்கள் எல்லாக் கார்களிடமும் அஞ்சினர். கருவியால் சமூகம் பெற்ற நன்மையில் பத்தில் ஒரு பங்குகூட அதை வாங்கியவருக்குக் கிட்டவில்லை. ஊருக்கே பயன் தரும் பொருளைத் தனி ஒருவர் தம் கைப்பணத்தில் எத்தனை முறை வாங்குவார்?

அரசு தலையிட்டால் அதை எவ்வாறு செய்கிறது என்பதும் முக்கியம். மேற்கு ஜெர்மனி 1960-களின் தொடக்கத்தில் பழையது, புதியது என்று பாராமல் எல்லாக் கார்களுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது, திருட்டு குறைந்தது. பிரிட்டன் 1971-இல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. திருடர்கள் பழைய கார்களின் பக்கம் திரும்பினர். பழைய வண்டி யாரிடம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று விலையுயர்ந்த ஸ்கூட்டர்களில் சாவியில்லா மின்னணுப் பூட்டும், வண்டியின் இருப்பிடத்தைக் கைப்பேசியில் காட்டும் வசதியும் வருகின்றன. எந்தச் சாவியும் நுழையும் அளவுக்குத் தேய்ந்த பூட்டோடு, மூன்றாவது நான்காவது கைமாறிய பைக்குகள்தாம் வியாசர்பாடித் தெருக்களில் நிற்கின்றன. புதிய வண்டிகள் பத்திரமாக ஆக ஆக, இவற்றின் மீதான அழுத்தம் கூடும்.

பூட்டோடு தொடர்பே இல்லாத ஒரு சட்டம் திருட்டைக் குறைத்த கதையும் உண்டு. மேற்கு ஜெர்மனியில் 1980-இல் தலைக்கவசம் அணியாதவர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதம் என்று வந்தது. ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டுகள் 1986-இல் 54,000 அளவுக்கு இறங்கின. திடீரென்று கண்ணில் பட்ட வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுபவனிடம் தலைக்கவசம் இருப்பதில்லை; முதல் சந்திப்பிலேயே மாட்டிக்கொள்வான். நம் சென்னையிலும் தலைக்கவசச் சட்டத்தால் இத்தகைய குறைவு ஏற்பட்டதாக மங்கை நடராஜனும் ரொனால்ட் கிளார்க்கும் 1994-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். தலைக்கவசச் சோதனையை வெறும் வசூல் வேட்டை என்று பேசுவோர் (நானும் பேசியதுண்டு) அதைக் கருத வேண்டும்.

திட்டமிட்டுத் திருடுபவனைத் தலைக்கவசம் நிறுத்தாது. அவனுக்கு வேண்டியது சந்தை. திருடிய வண்டி முழுதாக வெளியூரில் விற்கப்படும், அல்லது உதிரி உதிரியாகப் பிரியும். 2019 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு கட்டாயம். அது முழு வண்டியை மறுவிற்பனை செய்வதைக் கடினமாக்குகிறது. உதிரிபாகத்துக்குப் பதிவெண் ஏது? புதுப்பேட்டையில் நேர்மையாகத் தொழில் செய்யும் பலரின் பிழைப்பு பழைய பாகங்களில்தான் நடக்கிறது. அவர்களைச் சந்தேகிப்பது நியாயமன்று. எஞ்சினை வாங்கும்போது அதன் எண்ணைத் திருட்டு வாகனப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பதிவுசெய்யும் எளிய ஏற்பாடு அவர்களுக்கும் காப்பாகும். இதில் முற்றிலும் வெளியே நிற்பது மீன்பாடி வண்டி. பழைய பைக்கின் எஞ்சின் பொருத்திய அந்த மூன்று சக்கர வண்டிக்குப் பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை. அது திருடு போனால் உரிமையாளர் காவல் நிலையப் படியேறவே தயங்குவார்.

பிரேக் விஷயத்தில் அரசு தயங்கவில்லை. 2019 ஏப்ரலுக்குள் புதிய இருசக்கர வாகனங்கள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று. உரிய சாவியின்றி எஞ்சின் இயங்காத மின்னணுத் தடுப்பையும் அதுபோல் தயாரிப்பாளர்களின் கடமையாக்கலாம். கனடா 2007-இல் புதிய கார்களுக்கு அவ்வாறு செய்தது. ஆனால் பிரிட்டனின் தவறு இங்கு நேராதிருக்க, பழைய வண்டிகளின் பூட்டையும் சாவியையும் மாற்றிக்கொள்ள ஏதேனும் உதவி வேண்டும்.

வியாசர்பாடிக்கு அதைவிட அருகில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2024 மார்ச்சில் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டத்தின்கீழ்ப் பழைய வாரியக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டுப் புதிதாக எழுகின்றன. அந்த வரைபடங்களில் தரைத்தளத்தில் வெளிச்சமுள்ள ஒரு நிறுத்துமிடமும், சங்கிலியைப் பிணைக்கக் கான்கிரீட்டில் பதித்த இரும்புக் கம்பிகளும் இடம்பெற வேண்டும். கட்டடத்தின் மொத்தச் செலவில் அது மிகச் சிறு தொகை. கட்டி முடித்த பிறகு சேர்ப்பதென்றால் இடமும் இருக்காது, பணமும் இருக்காது.