நெருப்பை ஏவிய பெண்ணும் எம் வீட்டு வாசகரும்

கதையை விரும்பாத குழந்தை எந்நாட்டிலும் இல்லை. தான் விரும்பிய கதையைப் பற்றித் தோழரோடு வாதாடாத இளைஞரும் இல்லை. மொன்றியல் மாநகரில் வளரும் எமது பிள்ளைகளும் இதற்கு விலக்கானவர் அல்லர். பகலிற் பிரெஞ்சு மொழியிற் பாடம் கற்று, நண்பரோடு ஆங்கிலத்தில் அளவளாவி, வார இறுதியில் தமிழ் பயில வரும் இவர்களின் புத்தகப் பைகளை நோக்கின், பருமனான நாவலொன்று அவற்றுள் இருக்கக் காணலாம். அதன் கதையும் பெரும்பாலும் ஒரே வகையைச் சார்ந்தது. இளம்பெண் ஒருத்தி, அவள்மேல் அன்பு கொண்டோர் ஓரிருவர், நெருப்பையும் நீரையும் காற்றையும் தம் விருப்பப்படி ஏவவல்ல மாந்தர், அவ்வாற்றலைத் தன் கைக்குள் அடக்கத் துடிக்கும் ஓர் அதிகாரம். காதலும் மாயமும் கலந்த இக்கதைகள் எம் இளையோரை இரவில் உறங்கவிடாமல் வைத்திருக்கின்றன.

இவற்றைப் பற்றிப் பெற்றோரிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. காதலும் மந்திரமும் நிறைந்த கதையால் என்ன பயன், அந்நேரத்திற் கணிதம் பயிலலாகாதா என்பது ஒன்று. எதையாவது வாசிக்கட்டும், தொலைபேசியை நோண்டுவதிலும் நன்று என்பது மற்றொன்று. முன்னவர் கடிந்துகொள்கின்றனர், பின்னவர் விட்டுவிடுகின்றனர். ஆயினும் இருசாராரும் செய்யாத காரியம் ஒன்றுண்டு. "இக்கதையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று பிள்ளையிடம் அவர்கள் கேட்பதில்லை. அக்கேள்வியிலேதான் எம் பிள்ளைகளுக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் இடையிலான உறவின் எதிர்காலம் தங்கியுள்ளது என்பது எனது துணிபு.

எடுத்துக்காட்டாக ஒரு நூலைப் பார்ப்போம். லீ பார்டூகோ என்னும் பெண் எழுத்தாளர் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட "ஷாடோ அண்ட் போன்" என்னும் ஆங்கில நாவல் இளையோரிடையே பெரிதும் பரவியது. அந்நாவலின் உலகிற் காற்றை ஏவுவோர், நெருப்பை ஏவுவோர், நீரை ஏவுவோர் எனப் பல பிரிவினர் வாழ்கின்றனர். தாய் தந்தையை இழந்த அலீனா என்னும் பெண்ணுக்குப் பேரொளியை அழைக்கும் ஆற்றல் இருப்பது ஒருநாள் வெளிப்படுகின்றது. உடன் வளர்ந்த மால் என்பவன் ஒருபுறம். டார்க்ளிங் எனப்படும் இருளின் தலைவன் மறுபுறம். கலைமானின் கொம்பாலாகிய கழுத்தணியைப் பூட்டி, அவளது ஆற்றலைத் தன்வயப்படுத்துகின்றான் அத்தலைவன்.

இந்நூலை வாசித்தோர் இரு அணிகளாகப் பிரிந்தனர். மாலே அவளுக்கு ஏற்ற துணைவன் என்றனர் ஒருசாரார். அவன் அவளது ஆற்றலைக் கண்டு அஞ்சுகின்றான், டார்க்ளிங்கே அவளை உள்ளபடி அறிந்தவன் என்றனர் மறுசாரார். பிறர் கழுத்தில் விலங்கு பூட்டுபவனிடம் அன்பு இருக்குமோ என்று முன்னவர் மறுத்துரைத்தனர். இவ்வாதத்தை மேலெழுந்தவாரியாகக் கேட்போர் காதற் பேச்சென்று தள்ளிவிடக் கூடும். உற்றுக் கேட்டால், அன்புக்கும் ஆதிக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இளையோர் ஆராய்வது விளங்கும். வாழ்க்கைக்கு இதனினும் வேண்டப்படும் பாடம் வேறுண்டோ?

நிற்க. இத்தகைய கதை எமக்குப் புதியதோ எனின், இல்லை. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தை ஒரு கணம் இந்த இளைய வாசகரின் கண்கொண்டு பாருங்கள். புகார்க் கடற்கரையிற் கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடுகின்றனர். காவிரியையும் கடலையும் முன்னிறுத்திப் பாடிய பாட்டிலே ஐயம் பிறந்து அவர்தம் காதல் முறிகின்றது. மதுரையை நெருங்குகையில் வைகை ஆறு தன் கண்ணீரைப் பூக்களால் மறைத்துக்கொள்கின்றது. மதிலின் கொடிகள் வரவேண்டாவென்று கைகாட்டுகின்றன. கணவன் கொலையுண்டதைக் கேட்ட கண்ணகி கதிரவனிடம் நியாயம் கேட்கிறாள். கதிரவன் விடையும் கூறுகின்றான். ஈற்றில் தீக்கடவுள் அவள் முன் தோன்றி, யாரை எரிக்க வேண்டும், யாரைக் காக்க வேண்டும் என்று அவளது கட்டளைக்குக் காத்து நிற்கின்றான். நீரும் ஒளியும் நெருப்பும் மனிதரோடு பேசுகின்ற காதற்கதை, எம் பிள்ளைகளின் பையிலுள்ள நாவலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழில் எழுந்துவிட்டதன்றோ!

வேறுபாடும் உண்டு. அலீனாவின் ஆற்றல் பிறவியில் வந்தது. ஆசிரியரிடம் பழகிப் பெருகியது. கண்ணகிக்கு மந்திரம் கற்பித்தவர் எவருமிலர். நெடுங்காலம் பொறுத்திருந்த ஒருத்தி, பொறுக்கலாகாத அநீதி நேர்ந்த அன்று பெற்ற ஆற்றல் அது. அவள் கழுத்தில் எவரும் எதனையும் பூட்டவில்லை. காற்சிலம்பை அவளே கணவனுக்குக் கொடுத்தாள். அச்சிலம்பை அவளே அரசவையில் உடைத்து, முத்தல்ல, மாணிக்கம் என்று மெய்ப்பித்தாள். இவ்விரு பெண்களையும் ஒப்பிட்டுப் பேசுமாறு பதினைந்து வயது மாணவியொருத்தியிடம் கேட்டுப் பாருங்கள். அவள் கூறப்போவதை எந்த வழிகாட்டி நூலிலும் காணமுடியாது.

"காப்பியம் எங்கே, பொழுதுபோக்கு நாவல் எங்கே? இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமோ?" என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். தகுதியில் இரண்டும் ஒன்றென்று நான் கூறவில்லை. ஆயினும் ஒன்றை வாசித்த கண்ணே மற்றதையும் வாசிக்கப் போகின்றது. மேலும், பிரெஞ்சுக்காரர் இவ்வகையில் எமக்கு முன்னரே வழிகாட்டியுள்ளனர். அலென் தானியேலு என்பார் சிலப்பதிகாரத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க, 1961 இற் பரிஸ் நகரின் கல்லிமார் பதிப்பகம் அதனை வெளியிட்டது. அந்நூலின் தலைப்பிலேயே "ரொமான்" என்னும் சொல் உள்ளது. இன்றைய நாவலுக்கும், பண்டைநாளிற் செய்யுளிற் பாடப்பட்ட காதற் கதைகளுக்கும் பிரெஞ்சில் வழங்கும் பெயர் அது. 1977 இல் நிறைவேறிய பிரெஞ்சு மொழிச் சாசனத்தின் வழியே பிரெஞ்சுப் பள்ளிகளிற் பயிலும் எம் பிள்ளைகளுக்கு அச்சொல் நன்கு தெரிந்ததே. செந்தமிழ்ச் செய்யுள் இன்று கடினமாயிருக்கும் மாணவர், தமிழ் உரைநடைச் சுருக்கத்தோடு இம்மொழிபெயர்ப்பையோ, இரா. பார்த்தசாரதி 1993 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையோ துணைக்கொள்ளலாம். படி ஏறுவதற்குக் கைப்பிடி உதவுமாயின் அதனை ஏன் மறுக்க வேண்டும்?

அடுத்து, கண்ணகியைப் பற்றி மாணவர் மாறுபட்ட கருத்துரைப்பது மரபுக்கு இழுக்காகுமோ என்னும் ஐயம் எழலாம். எமது மரபையே சற்று நோக்குவோம். சிலம்போடு இரட்டைக் காப்பியமாக எண்ணப்படும் மணிமேகலையில், கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள் வஞ்சி நகரிலுள்ள கண்ணகியின் படிமத்தின் முன் நின்று, அவள் சினத்துக்குக் காரணம் வினவுகின்றாள். தெய்வமாகிய கண்ணகியோ, சினத்தால் நகரை எரித்த வினையின் பயன் தன்னை ஒருநாள் வந்தடையும் என்று ஒப்புக்கொள்கின்றாள். மதுரையை எரித்தது சரியோ என்னும் கேள்வியைச் சாத்தனார் கண்ணகியின் சந்நிதியிலேயே எழுப்பிவிட்டார்!

எமது தாயகத்து மக்களும் இக்கதைக்குத் தம் வழியில் மறுமொழி கூறினர். மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகை அம்மன் ஆலயங்களில் வைகாசித் திங்களிற் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். சடங்கின் நிறைவிற் குளிர்த்தி பாடப்படும். நகரை எரித்த தாயின் வெம்மையைத் தணிப்பதே குளிர்த்தியின் நோக்கம். முல்லைத்தீவு வற்றாப்பளையிற் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இன்றும் போற்றப்படுகின்றது. சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்யோ என வணங்குகின்றனர். அவள் சினம் நியாயமானது, ஆயினும் அது ஆறவேண்டும் என்று எம் கிராமத்து மக்கள் எண்ணினர் போலும். ஆழ்ந்து வாசித்தவர்களின் தீர்ப்பு அன்றோ இது!

உ. வே. சாமிநாதையர் 1892 இற் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த பின்னர் இவ்வாதம் அச்சேறியது, மேடையேறியது. ம. பொ. சிவஞானம் அக்காப்பியத்தை ஊரூராகப் பரப்பிச் "சிலம்புச் செல்வர்" எனும் பெயர் பெற்றார். தந்தை பெரியாரோ, பெண்ணை அடிமைப்படுத்தும் கற்புக் கோட்பாட்டைப் போற்றும் நூலென அதனைக் கண்டித்தார். கலைஞர் கருணாநிதியின் உரையாடலில் 1964 இற் "பூம்புகார்" திரைப்படமாகியது. 1968 இற் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட கண்ணகி சிலை 2001 இல் அகற்றப்பட்டு, 2006 இல் மீண்டும் நிறுவப்பட்டது. உயிருள்ள நூலுக்கே இத்தனை வழக்கு நேரும். எவரும் மாறுபடாத நூல், எவரும் வாசிக்காத நூலாகவே இருத்தல் கூடும்.

இனி எம் நிலைமைக்கு வருவோம். புலம்பெயர்ந்த நாடுகளின் தமிழ் விழாக்களிற் கண்ணகியைப் பற்றிப் பேசும் பிள்ளை என்ன கூறுகிறது? தந்தையோ தாயோ எழுதிக் கொடுத்த உரையை மனனஞ் செய்து, மூச்சு விடாமல் ஒப்புவித்து இறங்குகிறது. உச்சரிப்புத் திருந்துகின்றது, அவைக்கூச்சம் நீங்குகின்றது, இவை நன்மைகளே. ஆயினும் மறுநாட் காலையில் அவ்வுரையின் ஒரு சொல்லேனும் அப்பிள்ளைக்குச் சொந்தமாக எஞ்சுமா? அதே பிள்ளை அலீனாவைப் பற்றிக் கேட்டால் ஒரு மணிநேரம் ஓயாமற் பேசும். ஆங்கில நாவலைப் பற்றித் தன் கருத்தைக் கூற உரிமை உண்டு, தமிழ்க் காப்பியத்தைப் பற்றிப் புகழ மட்டுமே உரிமை உண்டு என்று அது எண்ணுமாயின், எந்த நூலைத் தன்னுடையது எனக் கொள்ளும்? ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம் இதுவே.

"சொந்தக் கருத்தைச் சொல்லப் பிள்ளைக்குத் தமிழ் போதாதே" என்பார்க்கு ஒன்று கூறுவேன். சொல்ல வேண்டியது நெஞ்சில் முட்டும்போதே மனிதர் சொல்லைத் தேடுவர். "நீதி", "சினம்", "குற்றம்", "மன்னிப்பு" ஆகிய சொற்களைப் பட்டியலாக எழுதிக் கொடுத்தால் தேர்வு முடியும்வரை நிற்கும். கண்ணகியோடு வழக்காடும் பிள்ளைக்கு அச்சொற்கள் கைக்கருவிகளாகிவிடும். இடையிற் பிரெஞ்சுச் சொல் ஒன்று வந்து விழுந்தால் விழட்டும். ஆசிரியர் அதற்குரிய தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுக்கட்டும்.

ஆகவே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் என் விண்ணப்பம் இதுவாகும். வருங்கால விழாக்களில் ஒரு நிகழ்ச்சியையேனும் மாணவ வாசகரின் சொந்தக் கருத்துக்கென ஒதுக்குவோம். திரும்பி வந்த கோவலனைக் கண்ணகி ஏற்றது சரியா? மாதவி மீது குற்றம் உண்டா? குழந்தைகளையும் முதியோரையும் நல்லோரையும் பசுக்களையும் தீண்டாதே என்று தீயை ஆணையிட்டுத் தடுத்தவள், அரசன் தன் தவறுணர்ந்து மாண்டபின்னும் நகரை எரித்தது நீதியா? இம்மூன்று வினாக்கள் போதும். முடிவுக்கு மதிப்பெண் வேண்டாம். காட்டும் காரணத்துக்கு வழங்குவோம். உரையைப் பெற்றோர் எழுதித் தரலாகாது.

பெற்றோரே, உங்களுக்கு மேலும் ஒரு பணி உண்டு. பிள்ளை விரும்பும் நாவலின் முதல் ஐம்பது பக்கங்களையேனும் வாசியுங்கள். இவ்வகை நாவல்கள் அனைத்தும் எல்லா வயதினர்க்கும் ஏற்றவை அல்ல. வளர்ந்தோர்க்கென எழுதப்பட்டவையும் அவற்றுள் உண்டு. எது ஏற்றது என அறிவதற்கும் அவ்வாசிப்பே வழி. வாசித்தபின் உங்கள் கருத்தைக் கூறுங்கள். பிள்ளையின் மறுப்பையும் பொறுமையோடு கேளுங்கள். உங்கள் கதையை நான் வாசித்தேன், என் கதையை நீ வாசி என்று கேட்கும் உரிமை அப்பொழுதே உங்களுக்குக் கிடைக்கும்.

மாணவச் செல்வங்களே! கண்ணகி அரசவையில் நின்று, ஆட்சியாளனின் முகத்துக்கு நேரே தன் கருத்தைச் சொன்னவள். அவளைப் பற்றிய உங்கள் கருத்தை அஞ்சாது சொல்வதே அவளுக்கு நீங்கள் செய்யும் மரியாதை. அவளோடு உடன்படுங்கள், அல்லது மாறுபடுங்கள். எதுவாயினும் காரணம் காட்டித் தமிழிற் சொல்லுங்கள். கேட்பதற்கு நாங்கள் காத்திருக்கின்றோம்.