நியூட்டன் மீட்டர் என்னும் ஏட்டுச் சுரைக்காய்

மின்சார மலைச் சைக்கிள் வாங்கப் போகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வியே "எத்தனை நியூட்டன் மீட்டர்?" என்றுதான் இருக்கும். விளம்பரத்தில் அந்த எண்தான் கொட்டை எழுத்தில் நிற்கிறது. ஒப்பிட்டு எழுதுகிற விமர்சகர்களும் அதே எண்ணை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ரேங்க் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 105 பெரியது, 85 சின்னது, 50 பாவம். முடிந்தது கதை!

எனக்கு இதில் பெரிய கோபம் உண்டு. இந்த ஒற்றை எண் வியாபாரம் வாங்குகிறவனை ஏமாற்றுகிறது. அதோடு நிற்காமல், இந்தச் சைக்கிள்களுக்குக் காட்டுப் பாதையில் இருக்கிற கொஞ்சநஞ்ச இடத்துக்கும் உலை வைக்கப் போகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். மாணவன். மெக்கானிக்கல் நண்பர்கள் "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று கேட்கலாம். ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் பெரியப்பா பையன் இந்தச் சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறார். பல ஆயிரம் யூரோ சமாச்சாரம். இரண்டு மாதமாக வீடியோ வீடியோவாக அனுப்பி, "எதுடா பெஸ்ட், கணக்குப் போட்டுச் சொல்லு" என்று உயிரை வாங்குகிறார். சரி, கணக்குத்தானே? பிளஸ் டூ வரைக்கும் படித்த இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

டார்க் என்பது பெடல் அச்சை முறுக்கும் விசை. 85 நியூட்டன் மீட்டர் என்றால், 17 செ.மீ. நீளமுள்ள பெடல் தண்டின் நுனியில் சுமார் 51 கிலோ எடை உட்கார்ந்து அழுத்துவது போல. நல்ல அழுத்தம்தான். ஆனால் மலையேற்றுவது அழுத்தம் மட்டும் இல்லையே! அழுத்தத்தோடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதையும் பெருக்கினால்தான் சக்தி, அதாவது வாட் கிடைக்கும். ஒவ்வொரு மோட்டாருக்கும் உச்ச வாட் என்று ஒரு கூரை உண்டு. பெடல் வேகம் ஏற ஏற அந்தக் கூரை இடிக்கும். இடித்த பிறகு டார்க் இறங்கித்தான் ஆக வேண்டும்.

நிறுவனங்களே சொல்லும் எண்களை வைத்து, உச்ச டார்க் எந்தப் பெடல் வேகம் வரைக்கும் தாங்கும் என்று வகுத்துப் பார்த்தேன்:

- போஷ் பெர்ஃபாமன்ஸ் லைன் சிஎக்ஸ்: 85 நியூட்டன் மீட்டர், 600 வாட். நிமிடத்துக்கு 67 சுற்று வரை.
- ஸ்பெஷலைஸ்டு 2.2 (உள்ளே இருப்பது பிரோஸ்): 90 நியூட்டன் மீட்டர், 565 வாட். 60 சுற்று வரை.
- ஷிமானோ இபி8 (2020): 85 நியூட்டன் மீட்டர், 500 வாட். 56 சுற்று வரை.
- ஷிமானோ இபி801 (2022): அதே 85, ஆனால் 600 வாட். 67 சுற்று வரை.
- ஃபசுவா ரைடு 60: 60 நியூட்டன் மீட்டர், 450 வாட். 72 சுற்று வரை.
- டிக்யூ ஹெச்பிஆர்50: 50 நியூட்டன் மீட்டர், 300 வாட். 57 சுற்று வரை.
- டிஜேஐ அவினாக்ஸ் (2024): 105 நியூட்டன் மீட்டர், 850 வாட். 77 சுற்று வரை. கொஞ்ச நேரத்துக்கான பூஸ்டில் 120 நியூட்டன் மீட்டர், 1000 வாட்.

இப்போது நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும் ஒருவரை ஏற்றிவிடுங்கள். பழகிய ஓட்டிகளுக்கு இது சாதாரண வேகம். 90 என்று விளம்பரம் செய்த மோட்டாரிடம் அந்த வேகத்தில் கிடைப்பது அதிகபட்சம் 67. 85 என்று சொன்ன போஷிடம் 72. ரேங்க் பட்டியலில் முன்னால் நின்றவர் மலையில் பின்னால் நிற்கிறார்! ஷிமானோவில் இதைவிட வேடிக்கை. இபி8, இபி801 இரண்டுக்கும் அட்டையில் அதே 85. ஆனால் 80 சுற்றில் ஒன்று 60, மற்றொன்று 72. இருபது சதவீத வித்தியாசத்தை அந்தக் கொட்டை எழுத்து எண் மூச்சு விடாமல் மறைத்துவிட்டது. நிதானமாக 55 சுற்றில் மிதிக்கிறவருக்கு இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, எது நல்ல மோட்டார் என்பது உங்கள் கால் எப்படிச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. எந்த விமர்சகராவது "நீங்கள் எத்தனை சுற்று மிதிப்பீர்கள்?" என்று முதலில் கேட்கிறாரா?

சரி, எண்ணாவது நிலையாக நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. போஷ் 2019-ல் சிஎக்ஸ் மோட்டாரை அடியோடு மாற்றியது. சுமார் 4 கிலோ இருந்தது 2.9 கிலோ ஆனது. அளவு கிட்டத்தட்ட பாதி. 25 கி.மீ. வேகத்தைத் தாண்டி மோட்டார் ஓய்ந்த பிறகு, முந்தைய மாடலில் பெடல் கனமாகப் பின்னிழுக்கும். அந்தத் தொல்லையும் போனது. ஓட்டுகிறவருக்கு இது வேறு சைக்கிள். ஆனால் டார்க்? அப்போதும் 75, இப்போதும் 75. அடுத்த ஆண்டு, 2020-ல், ஒரு போல்ட்டைக்கூடத் திறக்காமல் மென்பொருளை மட்டும் மாற்றி அதே மோட்டாரை 85 ஆக்கினார்கள். 2025 ஜூலையில் அடுத்த தலைமுறைக்கும் இதே வைத்தியம்: 85-லிருந்து 100 வரை, 600 வாட்டிலிருந்து 750 வரை. எல்லாமே மாறினபோது எண் அசையவில்லை. இரும்பில் எதுவுமே மாறாதபோது எண் குதிக்கிறது. எங்கள் கணக்கியல் வகுப்பில் இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர். ஐந்தலகு பாடத்தில் ஒரு பாரா வரும் :-)

"அதெல்லாம் சரி தம்பி, செங்குத்து மேட்டில் நின்று கிளம்பும்போது டார்க்தானே காப்பாற்றும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த மோட்டார்கள் எல்லாம் பெடல் அச்சில் உட்கார்ந்திருப்பவை. அவற்றின் விசை சங்கிலி வழியாக, கியர் வழியாகத்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. முன்னால் 32 பல், பின்னால் 51 பல் என்றால், எந்த டார்க்கும் சுமார் 1.6 மடங்காகிவிடும். 85 நியூட்டன் மீட்டரோடு உங்கள் கால் தரும் 40-ஐயும் சேர்த்தால் பின் சக்கரத்தில் கிட்டத்தட்ட 200. ஓட்டியும் சைக்கிளும் சேர்த்து 100 கிலோ, மேட்டில் அதில் 80 கிலோ பின் சக்கரத்தின் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிரி மண்ணில் உராய்வுக் கெழு 0.6 என்றால் டயரின் பிடி தாங்குவது 175 போலத்தான். அதாவது 85-லேயே சக்கரம் வழுக்கும் நிலைமைக்கு வந்தாயிற்று. இதற்கு மேல் 105, 120 என்று ஊற்றினால் மண்தான் பறக்கும்! அந்த இடத்தில் உங்களை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது மோட்டார் விசையை எவ்வளவு பதமாக அவிழ்த்துவிடுகிறது என்பதுதான். அது சென்சாரும் மென்பொருளும் செய்யும் வேலை. அதற்கு நியூட்டன் மீட்டரில் அளவில்லை.

அடுத்தது பேட்டரி. 100 கிலோவை 1000 மீட்டர் உயரம் தூக்க 272 வாட்-மணி வேண்டும். இது இயற்பியல், யாராலும் தள்ளுபடி தர முடியாது. நீங்கள் தரும் சக்தியைப் போல 3.4 மடங்கை மோட்டார் போட்டால், அதன் பங்கு 210. மோட்டாரின் திறன் 80 சதவீதம் என்று கொண்டால் பேட்டரியிலிருந்து 263 போகும். சரிபாதி போட்டால் 170-தான் போகும். 750 வாட்-மணி பேட்டரியில் முதல் வகையில் 2850 மீட்டர் ஏறலாம், இரண்டாவதில் 4400. மண்ணின் இழுவையைச் சேர்த்தால் இரண்டுமே குறையும். ஆக, ஒரு பயணத்தின் நீளத்தை முடிவு செய்வது எந்த மோட்டார் என்பதைவிட எந்த மோடில் ஓட்டுகிறீர்கள் என்பதே. ஒருவர் டர்போவில் ஒரு மோட்டாரை ஓட்டிவிட்டு, இன்னொருவர் ஈக்கோவில் இன்னொன்றை ஓட்டிவிட்டு, "இது சிக்கனம், அது ஊதாரி" என்று எழுதினால் அதை என்னவென்று சொல்வது?

பொருளாதாரப் பாடத்தில் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு வால் இருக்கும்: 'ஏனைய நிலைகள் மாறாதிருக்கும்போது'. மோட்டார் ஒப்பீடுகளில் மாறாதிருக்கும் நிலை ஒன்றாவது உண்டா? சைக்கிள் வேறு, டயர் வேறு, பேட்டரி வேறு, ஓட்டியின் எடை வேறு, அன்றைய மண்ணின் ஈரம்கூட வேறு. ஐந்தையும் கலந்து அடித்துவிட்டு வித்தியாசம் முழுவதையும் மோட்டார் கணக்கில் பற்று எழுதுகிறார்கள்.

எண்ணில் வராத சங்கதிகளும் உண்டு. போஷின் நான்காம் தலைமுறையும் ஷிமானோ இபி8-உம் இறக்கத்தில் மிதிக்காமல் வரும்போது கடகடவென்று சத்தம் போடுவது இந்த வட்டாரத்தில் ஊரறிந்த செய்தி. 2024-ல் வந்த ஐந்தாம் தலைமுறை சிஎக்ஸின் பெரிய முன்னேற்றமே அந்தச் சத்தத்தை அடக்கியதுதான். வந்தபோது டார்க் அதே 85. பிரோஸ் உள்ளே பெல்ட் வைத்து அமைதியைச் சாதித்தது. டிக்யூ-வின் 50 நியூட்டன் மீட்டர் மோட்டாருக்கு எடை 1.85 கிலோதான். அதை வைத்து 2022-ல் வந்த டிரெக் ஃப்யூவல் இஎக்ஸ்இ சுமார் 18 கிலோ; முழுச் சக்தி சைக்கிள்கள் பலவும் 22, 24 என்று போகின்றன. இறக்கத்தில் வளைவுக்கு வளைவு அந்த ஆறு கிலோவைத் தூக்கித் திருப்பப் போவது மோட்டார் இல்லை, உங்கள் தோள்!

இனி என் உண்மையான பயத்துக்கு வருகிறேன். ஐரோப்பியச் சட்டப்படி மோட்டாரின் தொடர் சக்தி 250 வாட்டைத் தாண்டாமல், மிதித்தால் மட்டும் உதவி செய்து, மணிக்கு 25 கி.மீ.யில் நின்றுவிட்டால் அது சைக்கிள். பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். நம் நாட்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் 250 வாட், 25 கி.மீ. என்ற எண்கள்தான், அங்கே 'முப்பது நிமிடச் சக்தி' என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அதாவது வரம்பு நீடித்த சக்திக்குத்தான். உச்சத்துக்கு வரம்பே இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் 500, 600, 850, 1000 என்று எல்லோரும் நுழைந்தார்கள். சட்டப்படி அத்தனையும் 250!

இந்தப் போட்டியில் ஓட்டிக்கு என்ன லாபம்? 10 சதவீதச் சரிவில், ஓட்டி 200 வாட் மிதித்தால், 600 வாட் மோட்டாரோடு தோராயமாக 22 கி.மீ. வேகம் வரும். 1000 வாட் மோட்டாரானால் 25-ல் சட்டம் கழுத்தைப் பிடித்துவிடும். மிச்சம் மூன்று கி.மீ.! ஆனால் 20 சதவீதச் செங்குத்தில் 13 கி.மீ. என்பது 20 ஆகும். "பார்த்தாயா, லாபம்தானே?" என்றால், அந்தச் செங்குத்துப் பாதையில் எதிரே குழந்தையோடு நடந்து வருகிறவரை நினைத்துப் பாருங்கள். மேலேறும் சைக்கிள் மெதுவாகத்தான் வரும் என்ற நம்பிக்கையில்தான் அவர் நடக்கிறார்.

போஷின் சொந்த மாநிலமான பாடன்-வூர்ட்டம்பர்க்கிலேயே, காட்டில் இரண்டு மீட்டருக்குக் குறுகலான பாதையில் பொதுவாக எந்தச் சைக்கிளும் போகக்கூடாது என்று வனச்சட்டம் சொல்கிறது. மோட்டார் இல்லாத சைக்கிளுக்கே இந்தக் கதி. மின்சாரச் சைக்கிளுக்கு இருக்கிற ஒரே கவசம், சட்டத்தின் கண்ணில் அதுவும் சைக்கிள் என்பது. அந்தக் கவசத்தைத்தான் இந்த எண் பந்தயம் உரசிக்கொண்டிருக்கிறது. ஜெர்மன் சைக்கிள் தொழில் சங்கமான இசட்ஐவி-யே 2025-ல் உச்ச சக்திக்கு 750 வாட் வரம்பு வைக்கலாம் என்று முன்மொழிந்தது. விற்கிறவர்களே கடிவாளம் கேட்கிறார்கள் என்றால் குதிரை எவ்வளவு தூரம் ஓடியிருக்க வேண்டும்!

எடை கூடியவர்கள், வயதானவர்கள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதிகச் சக்தி வரம்தானே என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது குறைந்த பெடல் வேகத்தில் சீராகக் கிடைக்கும் உதவி, முக்கால் மணி நேர ஏற்றத்திலும் சூடேறித் தளராத மோட்டார். பூஸ்டில் சில நொடி வரும் 1000 வாட்டால் அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி இருபது வயதுப் பையனுக்கு ராக்கெட் விற்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒப்பிட்டு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது நாலே நாலு எண். 60, 80, 100 சுற்றுகளில் எத்தனை வாட்? அரை மணி நேரம் ஏறிய பிறகு அதில் எவ்வளவு மிச்சம்? ஒரே ஓட்டி, ஒரே டயர், ஒரே பாதை, ஒரே பங்கு உதவி என்று வைத்து 1000 மீட்டர் ஏற எத்தனை வாட்-மணி? இறக்கத்தில் எத்தனை டெசிபல்? இந்த நாலையும் அட்டவணை போட்டுக் கொடுங்கள். வாங்குகிறவர் தன் காலுக்கும் தன் மலைக்கும் எது பொருந்தும் என்று தானே முடிவு செய்துகொள்வார்.

அதுவரைக்கும் கடைக்காரர் "சார், 120 நியூட்டன் மீட்டர்!" என்று கண்ணை அகலமாக்கினால், நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எத்தனை சுற்றில், எத்தனை நிமிஷத்துக்கு?"