பம்ப் பவர் மட்டும் போதுமா? கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கும் தொட்டியையும் கவனிங்க!

மோட்டார் ஓடுகிறது, சத்தமும் வருகிறது. ஆனால், மாடித் தொட்டியில் தண்ணீர் விழவில்லை. 'ஏர் லாக் ஆயிடுச்சு' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். இதே சிக்கல், லிக்விட் கூலிங் போட்ட கம்ப்யூட்டருக்குள்ளும் வரும். சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் வேகத்தைக் குறைத்து, தானாகவே அணைந்து தப்பித்துக்கொள்ளும். காற்றைக் குடித்து ஓடும் பம்ப்தான் வீணாகும். அதன் விலை பல ஆயிரம் ரூபாய்!

கேமிங், வீடியோ எடிட்டிங்குக்காக 'கஸ்டம் லூப்' அமைப்பவர்கள் பலரும் முதலில் கேட்பது, 'இருப்பதிலேயே பவர்ஃபுல் பம்ப் எது?' என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி, 'தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?'

பம்ப் எவ்வளவு பலமாக வேண்டும்?

பலரும் பயன்படுத்தும் டி5 வகை பம்ப், தடையே இல்லாவிட்டால் மணிக்குச் சுமார் 1,500 லிட்டர் தள்ளும். வாட்டர் பிளாக்கின் நுண்ணிய தடங்கள், ரேடியேட்டர், குழாய் வளைவுகள் எல்லாம் தடுப்பதால், நிஜத்தில் ஓடுவது அதில் சிறு பங்குதான். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினாலே தாராளம்.

பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 500 வாட்ஸ் வெப்பம் கக்குவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும்போது, அவற்றைக் கடக்கும் தண்ணீர் 2 டிகிரிக்கும் குறைவாகவே சூடேறும். அதை 8 லிட்டராக்கினால், இந்த ஏற்றத்தில் சுமார் 1 டிகிரி குறையும். கூடவே இரைச்சல் அதிகரிக்கும். சூட்டை வெளியேற்றுவது ரேடியேட்டரும் ஃபேனும்தான்.

'ரேடியேட்டர் உச்சியில் இருக்கிறதே, தண்ணீர் ஏறுமா?' என்ற கவலையும் வேண்டாம். மூடிய சுற்றில், ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீர் சமன் செய்துவிடும். முதல் முறை நிரப்பும்போது மட்டுமே உயரம் கணக்கில் வரும்.

தொட்டி எதற்கு?

பெரிய ரிசர்வாயர் வைத்தால் குளிர்ச்சி கூடாது. கூடுதலாக 1 லிட்டர் ஊற்றினாலும், 500 வாட்ஸ் வெப்பம் அதை 8 விநாடிக்கு 1 டிகிரி வீதம் சூடாக்கிவிடும். சூடேறுவது சில நிமிடங்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

தொட்டியின் வேலை இரண்டு. பம்ப் வாயில் எப்போதும் தண்ணீர் நிற்கச் செய்வது, குமிழ்களைப் பிரித்தெடுப்பது. இந்த பம்ப்களால் காற்றை உறிஞ்சி, தண்ணீரைத் தாங்களே இழுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் தொட்டியை பம்புக்கு மேலே வைக்கிறார்கள்.

மட்டம் இறங்கினால் தொட்டிக்குள் சுழல் உண்டாகி, காற்று உள்ளே போகும். பம்ப் வேகம் கூடக் கூட சுழலும் பெரிதாகும். ஆக, தண்ணீர் குறைந்த தொட்டியில் பலமான பம்ப் போட்டால் சிக்கல் அதிகமாகத்தான் செய்யும். டி5 பம்பின் பேரிங்குக்கு மசகும் அந்தத் தண்ணீரேதான். உலர்ந்து ஓடினால் தேய்மானம் உறுதி.

என்ன செய்யலாம்?

* நிரப்பும்போது பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். மட்டம் இறங்கியதும் நிறுத்தி, ஊற்றி, மீண்டும் ஓடவிடுங்கள். கேபினெட்டை மெதுவாகச் சாய்த்தால் ஒளிந்திருக்கும் காற்று வெளியேறும்.

* இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்து, சில மணி நேரம் கசிவு பாருங்கள்.

* விளிம்புவரை ஊற்ற வேண்டாம். சூட்டில் தண்ணீர் விரியும், கொஞ்சம் இடம் விடுங்கள்.

* காற்று முழுதாக வெளியேறிய பிறகு, மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். மாதக்கணக்கில் மெல்ல இறங்குவது இயல்பு. அதே கூலன்ட்டையோ டிஸ்டில்டு வாட்டரையோ ஊற்றலாம். குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. கேன் தண்ணீர் வேண்டாம்.

* ஒரே நாளில் சட்டென்று இறங்கினால் கசிவாக இருக்கலாம். உடனே பவரை நிறுத்துங்கள்.

ரெடிமேட் 'ஆல் இன் ஒன்' கூலர்களில் தொட்டி கண்ணுக்குத் தெரியாது. அதில் பம்ப் மிக உயரமான இடத்தில் இருக்கக் கூடாது. ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருந்தால், காற்று அங்கே போய்த் தங்கிவிடும்.

கம்ப்யூட்டரில் கொடகொடவென்று சத்தம் கேட்கிறதா? புது பம்ப் வாங்கும் முன், தொட்டியில் போட்ட கோட்டை ஒருமுறை பாருங்கள். அரை டம்ளர் தண்ணீரிலேயே சரியாகிவிடலாம்!