ஓடிபி மஸ்கட்டுக்குப் போகுது

நவம்பர் மாசம் வந்தாலே திருவனந்தபுரத்தில் எந்த பேங்க் பிராஞ்சுக்குள் நுழைந்தாலும் பழைய ஆபீஸ் நண்பர்கள் கூடும் விழா மாதிரி இருக்கும். ‘நான் உயிரோடுதான் இருக்கேன்’ என்று பென்ஷன்காரர்கள் சர்ட்டிபிகேட் கொடுக்கிற மாசம். செக்ரடேரியட், யூனிவர்சிட்டி, ஏஜீஸ் ஆபீஸ் என்று வாழ்ந்த ஊர், அதனால் பென்ஷன்காரர்களுக்குப் பஞ்சமில்லை.

போன நவம்பரில் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆச்சி வந்தாங்க. நாகர்கோவில் பக்கம், கல்யாணமாகி வந்ததிலிருந்து சாலை பஜார் பக்கத்தில் வாசம். குடும்ப பென்ஷன் வருது. பழைய ஏடிஎம் கார்டு காலாவதியாகி புதுசு வந்திருக்கு, பின் நம்பர் போடணும். மெஷினில் எல்லாம் சரியாகத்தான் அழுத்தியிருக்காங்க. ஓடிபி வரலை.

“மக்களே, அந்த நம்பர் எங்கதான் போவுது? ஒண்ணு பாரேன்” என்று என் மேஜைக்கு வந்தாங்க.

பார்த்தேன். மஸ்கட்டுக்குப் போயிருக்கு. மகன் அங்கே வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு ஏன் தொந்தரவு என்று போன தடவை ஊருக்கு வந்தப்போ தன் நம்பரையே அக்கவுண்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நல்ல எண்ணம்தான். அவர் சைட்டில் இருக்கும்போது போனை எடுக்க முடியாது. ஆச்சி சொந்தப் பணத்தை எடுக்க மகனுக்கு டீ பிரேக் வரும் வரைக்கும் காத்திருக்கணும்.

சரி, ஸ்லிப் எழுதிக் கொடுத்து கவுண்டரிலேயே எடுத்திருக்கலாமே? கேட்டேன். ‘சின்ன தொகைக்கெல்லாம் மெஷினுக்குப் போங்க’ என்று போன மாசம் இதே கவுண்டரில் திருப்பி அனுப்பிட்டாங்களாம். சொன்னது நாங்கதான். என்ன முகத்தை வெச்சுக்கிறது?

இதில் வேடிக்கை, எங்கள் கணக்குப்படி ஆச்சி ஒரு ‘டிஜிட்டல் கஸ்டமர்’. கார்டு இருக்கு, மொபைல் நம்பர் இணைச்சிருக்கு, நெட் பேங்கிங் ஆக்டிவ். மாசா மாசம் மேலே போகிற ரிப்போர்ட்டில் அவங்களும் ஒரு டிக் மார்க். இந்தியாவின் டிஜிட்டல் புரட்சி என்று நாம் பெருமையாகப் படிக்கிற எண்களில் இப்படி எத்தனை ஆச்சிகள் இருக்காங்க என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியலை.

நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்லை, முதல்லயே சொல்லிடறேன். அந்த சண்டையெல்லாம் எங்களுக்கு முந்தின தலைமுறையோடு முடிஞ்சு போச்சு. 1983-ல் வங்கி நிர்வாகங்களும் யூனியன்களும் பேசி ஒப்பந்தம் போட்ட பிறகுதான் மெஷின்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தன. ரங்கராஜன் கமிட்டி 1984-லும் 1989-லும் வழி சொன்னது. அப்புறமும் நத்தை வேகம்தான். 1998-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என்.விட்டல், 2001 ஜனவரி 1-க்குள் வங்கிகள் தங்கள் தொழிலில் 70 சதவீதத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரணும் என்று கட்டளை போட்டார். ஊழலை ஒழிக்க வந்தவர் கம்ப்யூட்டரைக் கையில் எடுத்தது எனக்கு இன்னிக்கும் பிடிச்ச விஷயம். அரையாண்டு கணக்கு முடிப்பில் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி முழுக்க லெட்ஜர் புரட்டின கதையை சீனியர்கள் சொல்லிக் கேட்டால், அந்தக் காலம் திரும்பி வரணும் என்று யாருக்கும் தோணாது. இந்தக் கேரளத்தையே எடுத்துக்கோங்க. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று கொடி பிடித்த மாநிலம், 1990-ல் நாட்டின் முதல் டெக்னாலஜி பார்க்கை இதே ஊரில் ஆரம்பிச்சது.

யூபிஐ-யும் அப்படித்தான். 2016 ஏப்ரலில் தொடங்கினது, 2025 ஆகஸ்டில் ஒரே மாசத்தில் 2000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டிடுச்சு. தொகை சுமார் 25 லட்சம் கோடி ரூபாய். சாலை பஜாரில் நடந்து பாருங்க, நேந்திரங்காய் தராசுக்குப் பக்கத்தில் சின்ன டப்பா ஒண்ணு ‘ரூபாய் கிட்டி’ என்று மலையாளத்தில் கத்தும். ரெண்டு கடை தள்ளி நம்ம தென்காசிக்காரர் கடையில் அதே டப்பா தமிழில் கத்தும். (பாஷை மாத்திக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தது அடியேன்தான் :-))

ஆனால் காமர்ஸ் படிச்சவன் புத்தி சும்மா இருக்காது. இதுக்கெல்லாம் யார் காசு கொடுக்கிறாங்க?

2020 ஜனவரியிலிருந்து சாதாரண யூபிஐ பேமெண்டுக்குக் கடைக்காரரிடம் கமிஷன் கிடையாது. நமக்கும் கட்டணம் இல்லை. ஆனால் சர்வர் சும்மா ஓடாது. மத்திய அரசு கொஞ்சம் ஊக்கத்தொகை தருது. 2024-25-க்கு சுமார் 1500 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க, அதுவும் சின்ன கடைகளில் 2000 ரூபாய் வரைக்குமான பேமெண்டுகளுக்குத்தான். மிச்சம் வங்கிகள் தலையில். இதில் கைவைத்துச் சிக்கனம் பண்ணவும் முடியாது. அடிக்கடி சர்வர் படுத்ததால் 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி எச்டிஎஃப்சி வங்கியைப் பார்த்து, புது டிஜிட்டல் திட்டங்களையும் புது கிரெடிட் கார்டுகளையும் நிறுத்தி வைக்கச் சொன்னது. 2024 ஏப்ரலில் கோடக் மஹிந்திராவை, ஆன்லைன் வழியாகப் புது வாடிக்கையாளரைச் சேர்க்காதே என்றது. ரெண்டு தடையும் பிறகு நீங்கிடுச்சு. ஆனால் ஐடி செலவு இஷ்டப்பட்டால் செய்கிற செலவு இல்லை என்று எல்லா வங்கிக்கும் புரிஞ்சு போச்சு.

அப்போ அந்தக் காசை எங்கே மிச்சம் பிடிக்கிறது? ஆட்களில். கவுண்டர் குறையுது, ரிட்டயர் ஆகிறவர் இடம் அப்படியே காலியாகக் கிடக்குது. ‘இனிமேல் எல்லாம் ஆப்பில் இருக்கே’ என்பதுதான் அதுக்கு நியாயம்.

என் ஆட்சேபணை இங்கேதான். கவுண்டரில் ஒரு கிளார்க் அஞ்சு நிமிஷத்தில் செய்த வேலை மறைஞ்சு போகலை. அதை இப்போ ஆச்சி செய்யறாங்க, மஸ்கட்டில் இருக்கிற மகன் செய்யறார், பக்கத்து வீட்டு காலேஜ் பொண்ணு செய்யுது. இல்லேன்னா அக்‌ஷயா சென்டரில் சர்வீஸ் சார்ஜ் கொடுத்து முடிக்கணும். எங்கள் புத்தகத்தில் செலவு குறைஞ்சிருக்கு, வேற யாரோ புத்தகத்தில் ஏறியிருக்கு. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு ஜர்னல் எண்ட்ரி போட்டுட்டு அதை லாபம் என்று சொன்னால், எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் பிரம்பை எடுத்திருப்பார்.

ஆச்சி மாதிரி ஆட்கள் இன்னும் பத்து வருஷம்தான், அப்புறம் எல்லாரும் போனோடு பிறந்தவங்க என்கிறார் ஒரு சக ஊழியர். நான் ஒத்துக்க மாட்டேன். நாமும் கிழவர்களாவோம், அப்போ வேற ஏதாவது மெஷின் வந்திருக்கும். அதோடு ஆப் தெரிஞ்சவங்களும் தப்பிக்கலையே? ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீடியோ காலில் போலி போலீஸ் மிரட்டிப் பணம் பிடுங்குகிற கூத்தில் 2024-ல் மட்டும் நாட்டில் 1900 கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கு. ஏமாந்ததில் டாக்டர்களும் ரிட்டயர்டு அதிகாரிகளும் உண்டு. கேரளத்திலேயே சில இடங்களில் பணம் தப்பியது எப்படி? கவுண்டரில் இருந்த ஒருத்தர், “எதுக்கு சார் இவ்வளவு அவசரமா எஃப்டியை உடைக்கிறீங்க?” என்று கேட்டதால். அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளுக்கான சம்பளத்தையும் டெக்னாலஜி பட்ஜெட்டில் எழுதணும் என்கிறேன் நான்.

இது நடக்காத கதை இல்லை. இதே மாவட்டத்தில் வெஞ்ஞாறமூடு பக்கத்தில் புல்லம்பாறை என்று ஒரு பஞ்சாயத்து. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், கூலி ஏறியிருக்கா என்று பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பேங்குக்குப் போக வேண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அங்கே யோசிச்சாங்க. தன்னார்வலர்கள் வேலை நடக்கிற இடத்துக்கும் வீட்டுக்கும் தேடிப்போய் ஸ்மார்ட்போன் சொல்லிக் கொடுத்தாங்க. 2022-ல் நாட்டின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பஞ்சாயத்து என்று அறிவிச்சாங்க. அதையே மாநிலம் முழுக்க விரிச்சு, 2025 ஆகஸ்டில் கேரளமே அந்தப் பட்டத்தை வாங்கிடுச்சு. கிட்டத்தட்ட 22 லட்சம் பேருக்குப் பயிற்சி. பட்டத்தை நான் அப்படியே நம்பலை, என் மேஜைக்கு எதிரில் தினமும் உட்காருகிறவங்களைப் பார்த்துட்டு எப்படி நம்பறது? ஆனால் ஆளைத் தேடி ஆள் போன அந்த வழி சரியான வழி.

வெளியூரில் இருக்கிற நம்ம குடும்பங்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்லணும். அப்பா அம்மா அக்கவுண்டில் உங்கள் நம்பரைப் போடாதீங்க. அவங்க நம்பரே இருக்கட்டும், பட்டன் போனாக இருந்தாலும் எஸ்எம்எஸ் வரும். எழுபது வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படை சேவை தரணும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கு, பிராஞ்சில் கேளுங்க. தயங்கினால் அந்த சர்க்குலரைச் சொல்லிக் கேளுங்க. லைப் சர்ட்டிபிகேட்டுக்கு போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்தே விரல் ரேகை எடுத்து முடிச்சுக் கொடுப்பார். அந்தத் திட்டம் தொடங்கினப்போ கட்டணம் 70 ரூபாய். உங்களுக்கே யூபிஐ வேணும் என்றால், 2023-லிருந்து சிங்கப்பூர், ஓமன், எமிரேட்ஸ், அமெரிக்கா மாதிரி சில நாட்டு நம்பர்களில் உங்கள் என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்கை இணைக்க வழி வந்திருக்கு. அம்மா அக்கவுண்ட் எதுக்கு?

உபதேசம் பண்றேனே தவிர, ஆச்சி போன அன்னிக்கு சாயங்காலம்தான் எனக்கு உறைச்சது. கும்பகோணத்தில் இருக்கிற எங்கப்பா அக்கவுண்டில் இருக்கிறது என் நம்பர். பேங்க் ஆபீசர் பையன், கேட்கணுமா? பொங்கலுக்குப் போனப்போ அவரையே பிராஞ்சுக்குக் கூட்டிப்போய் மாத்தினேன். “இத்தனை நாளா என் பென்ஷன் வந்த சேதி உனக்குத்தான் வந்துண்டிருந்ததா?” என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல வரலை.

ஆச்சிக்கும் பாரம் எழுதி, அவங்க பட்டன் போன் நம்பரையே போட்டாச்சு. அடுத்த வாரம் வந்து பின் போட்டுக்கிட்டாங்க. அப்பா இப்போ ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் எனக்கு போன் பண்ணி முழுசா படிச்சுக் காட்டறார், லோன் விளம்பரம் உட்பட.