இனம் பார்த்தால் தும்மல் நிற்காது

முள்ளிக்குளத்து மீன்வாடியில் திரியும் மணல்நிறப் பூனையைக் காட்டி, "இது சிலோன் இனம், இதே இனத்தில் ஒன்றை எடுத்தால் ஒவ்வாமைக்காரருக்கும் தொல்லையில்லை" என்று வாதிடுகிறார்கள். இரண்டுமே பிழை.

முதலில் இனம். 1984இல் இலங்கையிலிருந்து சில பூனைகளைக் கொண்டுபோய், இத்தாலியில் சிலோன் இனத்தை உருவாக்கத் தொடங்கியவர் பாவோலோ பெல்லெகாட்டா என்ற மிருக வைத்தியர். வம்சாவளிப் பதிவு இருந்தால்தான் அது இனம். வாடிப் பூனையின் உதிர்ந்த மயிரொன்றை வெயிலில் பிடித்துப் பாருங்கள்: வெளிறலும் கருமையும் மாறிமாறி வளையமிட்டிருக்கும். அதே வளையம் அபிசீனியப் பூனைக்கும் உண்டு, எந்தப் பதிவும் இல்லாத ஊர்ப்பூனைக்கும் உண்டு. மயிரை வைத்து இனம் சொல்ல முடியாது.

அடுத்தது ஒவ்வாமை. தும்மலுக்கு முதன்மைக் காரணம் மயிரல்ல, ஃபெல் டி 1 என்ற புரதம். எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறும் அது, பூனை நக்கும்போது மயிரில் படிந்து, காய்ந்து காற்றில் பறக்கிறது. மயிரற்ற ஸ்பிங்ஸ் பூனையும் இதற்கு விலக்கல்ல. அளவு பூனைக்குப் பூனை மாறும். காயடித்த கடுவனில் பொதுவாகக் குறைவு.

ஆகவே இனத்தைத் தேடாதீர்கள். எடுக்கப்போகும் அதே பூனையோடு பல நாள் பழகிப் பாருங்கள். படுக்கையறைக்குள் விடாதீர்கள். இழைப்பு உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். காசு கொடுத்து இனம் வாங்கி, மூச்சு முட்டியதும் தெருவில் விடுவது அந்த உயிருக்குச் செய்யும் துரோகம்.